பிரமிடு கட்டியவர்களின் எலும்புகள் சொல்லும் சாட்சி

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், சிவில் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இருபது நிமிஷம் பேசணும்ப்பா, தலைப்பு உன் இஷ்டம்" என்று சங்கத்திலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள். பழங்காலக் கல்லறைகளில் கிடைத்த எலும்புக்கூடுகளைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "நீ சிவில்தானே படிச்சே?" என்று கேட்டார்கள். சிவில்தான் படித்தேன், அதனால்தான் இந்தத் தலைப்பு. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எகிப்தில் கீசா என்ற இடத்தில் இருக்கும் பெரிய பிரமிடு நம் எல்லோருக்கும் தெரியும். கூஃபு என்ற மன்னனுக்காகச் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பு கட்டியது. அடிப்பக்கம் ஒவ்வொன்றும் 230 மீட்டர். கட்டி முடித்தபோது உயரம் ஏறக்குறைய 146 மீட்டர். சுமார் 23 லட்சம் கற்கள். ஒரு கல்லின் சராசரி எடை இரண்டரை டன். மன்னனின் அறைக்கு மேலே உள்ள கிரானைட் பாளங்களில் சில ஐம்பது டன்னுக்கும் மேல். அவை வந்த அஸ்வான், கீசாவிலிருந்து சுமார் 800 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது.

நம்ம ஆளுங்க கையில் கால்குலேட்டர் இருந்தால் சும்மா இருக்க மாட்டோமே! இருபது ஆண்டு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள்கூட விடுமுறை இல்லை. 23 லட்சத்தை வகுத்தால் நாளுக்குச் சுமார் 315 கல். பத்து மணி நேர வேலை என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கல் வெட்டி, இழுத்து, ஏற்றி, வைத்தாக வேண்டும். கிரேன் இல்லை, லாரி இல்லை. இரும்பு உளிகூட இல்லை, செம்பு உளிதான்.

இதைக் கேட்டதும் எஞ்சினியர்கள் எல்லோரும் உடனே ஒரே கேள்விக்குப் போய்விடுவோம்: எப்படித் தூக்கினார்கள்? சாய்தளமா, நெம்புகோலா, சறுக்குக் கட்டையா? இதைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்திருக்கின்றன. யார் தூக்கினார்கள், தூக்கியவன் என்ன ஆனான் என்று கேட்டவர்கள் குறைவு. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவை அந்த எலும்புகள்தான்.

கிரேக்க அறிஞர் ஹெரோடோட்டஸ், பிரமிடு கட்டி இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு எகிப்தைப் பற்றி எழுதியவர். ஒரு லட்சம் பேர், மூன்று மாதத்துக்கு ஒரு பிரிவாக வேலை செய்தார்கள் என்று எழுதி வைத்தார். பிறகு வந்த சினிமாக்காரர்கள் அதில் சாட்டையையும் சங்கிலியையும் சேர்த்துவிட்டார்கள். பிரமிடு என்றாலே அடிமைகள் முதுகில் சாட்டை விழுவதுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

1990-ஆம் ஆண்டில் ஒரு சம்பவம் நடந்தது. ஸ்ஃபிங்ஸ் சிலைக்குத் தெற்கே மணல்வெளியில் குதிரைச் சவாரி போய்க்கொண்டிருந்தபோது குதிரையின் கால் ஒரு மண்செங்கல் சுவரில் தடுக்கியது. தோண்டிப் பார்த்தால் அது ஒரு கல்லறை! ஜாஹி ஹவாஸ் என்ற எகிப்தியத் தொல்லியல் அறிஞரின் தலைமையில் அகழாய்வு தொடர்ந்தது. ஒன்று பத்தாகி, பத்து நூறாகி, கடைசியில் ஒரு பெரிய இடுகாடே வெளிவந்தது. கீழ்ப்பகுதியில் சாதாரணத் தொழிலாளர்களின் சிறு கல்லறைகள். மேல்பகுதியில் மேற்பார்வையாளர்கள், கைவினைஞர்கள். நம்ம பாஷையில் சொன்னால் கீழே சித்தாள், மேலே மேஸ்திரி. "பிரமிடின் ஒரு பக்கத்துக்கு மேற்பார்வையாளர்" என்று ஒருவருடைய பதவியைப் பொறித்திருக்கிறார்கள். இன்றைய சைட் இன்சார்ஜ்!

கல்லறைகளை எதைக் கொண்டு கட்டினார்கள் தெரியுமா? மண்செங்கல், அதோடு பிரமிடு வேலையில் மிச்சமான சுண்ணாம்புக்கல், கிரானைட் துண்டுகள். நம்ம ஊரிலும் மேஸ்திரி வீட்டுத் திண்ணையில் நாலு விதமான டைல்ஸ் இருக்குமில்லையா, அந்த மாதிரி. உடலைப் பதப்படுத்தும் மம்மி முறையெல்லாம் இவர்களுக்கு இல்லை. கால்களை மடக்கி, தலை வடக்கே, முகம் கிழக்கே பார்க்க வைத்துப் புதைத்து, பக்கத்தில் ரொட்டிக்கும் பீருக்கும் உரிய பானைகளை வைத்தார்கள்.

இந்த எலும்புகளைக் கெய்ரோவில் உள்ள தேசிய ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த மானிடவியல் அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டதைச் சொல்வதற்கு முன், எலும்பை எப்படிப் படிப்பது என்று ஒரு சின்ன வகுப்பு எடுத்துவிடுகிறேன். பயப்படாதீர்கள், அட்டெண்டன்ஸ் கிடையாது.

ஆணா பெண்ணா என்பதை முக்கியமாக இடுப்பெலும்பு சொல்லும். பிள்ளைப்பேற்றுக்கு ஏற்ற அகலம் பெண்ணுக்கு உண்டு. வயதைப் பற்களும், எலும்பின் முனைகள் எந்த அளவு ஒட்டிச் சேர்ந்திருக்கின்றன என்பதும் சொல்லும். கழுத்துப்பட்டை எலும்பின் உள்முனை இருபதுகளின் பிற்பகுதியில்தான் முழுக்க ஒட்டுகிறது. நாற்பதைத் தாண்டினால் கணிப்பு கடினமாகிவிடும். உயரத்தைத் தொடை எலும்பின் நீளத்திலிருந்து கணக்கிடுவார்கள்.

இனி நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். 1866 வாக்கில் சூரிக் நகரத்தில் கார்ல் குல்மன் என்ற எஞ்சினியரிங் பேராசிரியர் இருந்தார். விசைகளைக் கோடுகளாக வரைந்து கணக்குப் போடும் கிராஃபிக் ஸ்டாட்டிக்ஸ் முறையை வளர்த்தவர். உடற்கூறு அறிஞர் ஹெர்மன் ஃபான் மேயர், தொடை எலும்பின் தலைப்பகுதியை நீளவாக்கில் அறுத்து வைத்திருந்தார். உள்ளே பஞ்சு போன்ற எலும்பு இழைகள் வளைந்து வளைந்து போவதைக் குல்மன் பார்த்தார். அவர் ஒரு கிரேனுக்கு வரைந்த தகைவுக் கோடுகளும் அந்த இழைகளும் ஒரே மாதிரி இருந்தன! பாரம் போகிற பாதையில்தான் எலும்பு தன் இழைகளை வைத்துக் கட்டியிருக்கிறது. பிறகு 1892-இல் ஜூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன் மருத்துவர், பாரம் மாறினால் எலும்பும் தன்னை மாற்றிக் கட்டிக்கொள்ளும் என்று எழுதினார். வோல்ஃப் விதி என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

நாம் கட்டும் பீம் ஒரு தடவை வார்த்தால் அவ்வளவுதான். எலும்பு தினம் தினம் தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்ளும் பீம். தசை ஒட்டும் இடம் இழுத்து இழுத்து மேடாகும். குருத்தெலும்பு தேய்ந்தால் எலும்போடு எலும்பு உரசி அந்த இடம் தந்தம் மாதிரி பளபளக்கும். முதுகெலும்பின் விளிம்பில் முள் முள்ளாக வளரும். முறிந்த இடத்தில் புது எலும்பு திரண்டு ஒட்டியிருக்கும். தூக்கிய சுமையும் பட்ட அடியும் இப்படிப் பதிவாகிவிடுவதால், மண்ணில் கிடக்கும் எலும்பை நாலாயிரம் ஆண்டு கழித்தும் படிக்க முடிகிறது.

சரி, கீசாவில் என்ன படித்தார்கள்?

முதலாவது, தேய்மானம். இடுப்பை ஒட்டிய கீழ்முதுகிலும் முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம் நிறையத் தெரிந்தது. பாரம் சுமந்து, இழுத்து, குனிந்து நிமிர்ந்த உடம்புகள் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள்.

இரண்டாவது, முறிவுகள். அதிகம் முறிந்தவை முன்கை எலும்புகளும், முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளில் மெல்லியதும். இங்கேதான் எனக்கு ஆச்சரியம். முறிந்த எலும்புகளில் பெரும்பாலானவை நேராக, சரியாக ஒட்டியிருக்கின்றன. இடம் பிசகி முறிந்த எலும்பு தானாக நேராக ஒட்டாது. இழுத்துச் சரிப்படுத்தி, சிம்பு வைத்துக் கட்டி, வாரக்கணக்கில் அசையாமல் வைக்க வேண்டும். அதாவது வைத்தியம் பார்க்க ஒருவர் இருந்திருக்கிறார். வேலைக்குப் போகாத அந்த வாரங்களில் அவனுக்குச் சோறு போட யாரோ இருந்திருக்கிறார்கள்.

மூன்றாவது, இரண்டு பேருக்கு உறுப்பையே வெட்டி எடுத்த அடையாளம். ஒருவருக்குக் கால், இன்னொருவருக்குக் கை. வெட்டிய முனை ஆறி மூடியிருக்கிறது. அதாவது மயக்க மருந்து, ஆன்டிபயாடிக் எதுவும் இல்லாத காலத்தில் அறுவை செய்து, அதற்குப் பிறகும் அவர்கள் பிழைத்திருக்கிறார்கள்.

நான்காவது, வயது. ஆண்கள் இறந்த சராசரி வயது 30 முதல் 35. முப்பதுக்குள் இறந்தவர்களில் பெண்கள் அதிகம். பிரசவம்தான் முக்கியக் காரணமாக இருந்திருக்கும் என்கிறார்கள். எனக்கும் இப்போது முப்பதுகளின் நடுவில்தான் வயது. இந்த ஹாலில் என் செட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் பிறந்திருந்தால் நம்மில் பாதிப் பேர் இந்தச் சந்திப்புக்கு வந்திருக்க மாட்டோம்.

அந்த இடுகாட்டுக்குப் பக்கத்தில் மார்க் லேனர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1988 முதல் தோண்டி, தொழிலாளர்கள் தங்கிய குடியிருப்பையே வெளிக்கொண்டு வந்தார். ரொட்டி சுடும் கூடங்கள் கிடைத்தன. ஆடு மாடுகளின் எலும்புகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றில் இளங்காளைகள் அதிகம். பழைய குப்பையைக் கிளறினால் சாப்பாட்டு மெனு கிடைத்துவிடுகிறது பாருங்கள்! இறைச்சி சாப்பிட்டிருக்கிறார்கள். 2013-இல் செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பிரெஞ்சு ஆய்வாளர் பியர் தாலே கண்டெடுத்த பாப்பிரஸ் சுருள்களில், மெரெர் என்ற மேற்பார்வையாளரின் தினக்குறிப்பு இருந்தது. தன் குழுவோடு துரா குவாரியிலிருந்து சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றி, நைல் வழியாகக் கீசாவுக்குக் கொண்டுவந்த கணக்கை நாள் வாரியாக எழுதியிருக்கிறார். நம்ம சைட் டைரிக்கு முப்பாட்டன்!

எனவே சங்கிலி பூட்டிய அடிமைகள் என்ற சினிமாக் கதையை இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஒரு லட்சம் என்ற எண்ணையும் ஏற்பதில்லை. அதைவிட மிகக் குறைவான ஆட்கள், முறை வைத்து வந்து போனவர்கள் என்றே கருதுகிறார்கள். மன்னனின் பிரமிடு தெரியும் தூரத்தில் தனக்கென்று ஒரு கல்லறை கட்டிக்கொள்ள அடிமைக்கு யார் இடம் கொடுப்பார்கள்?

ஆனால் இதைக் கேட்டுவிட்டு எல்லாம் சுகமாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். எலும்பைப் படிப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒட்டிய எலும்பு, அடிபட்டுப் பிழைத்தவனுடைய எலும்பு. கல் நழுவி அந்த இடத்திலேயே செத்தவன் எலும்பில் ஒட்டிய அடையாளம் இருக்காது. நெஞ்சிலோ வயிற்றிலோ அடிபட்டு இறந்தவன் எலும்பில் எதுவுமே தெரியாமல் போகலாம். மூன்று மாதம் வேலை செய்துவிட்டு இடுப்பு ஒடிந்து சொந்த ஊருக்குத் திரும்பிப் போய் இறந்தவன், இந்த இடுகாட்டிலேயே இல்லை. முன்கை முறிவைப் பார்த்து, கல் விழுந்ததா, தானே விழுந்தானா, அடிதடியா என்று பல நேரம் சொல்ல முடியாது. நல்ல ஆய்வாளர்கள் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். டெஸ்ட் ரிப்போர்ட்டில் பாஸான க்யூபை மட்டும் பார்த்துவிட்டு மொத்தக் கான்கிரீட்டும் நல்லது என்று சொல்லலாமா? அதே எச்சரிக்கைதான்.

இன்னொரு இடத்தையும் சொல்ல வேண்டும். அதே எகிப்து. கூஃபுவுக்குச் சுமார் 1,200 ஆண்டுகளுக்குப் பிறகு அகநாதன் என்ற மன்னன் வருகிறான். ஏறக்குறைய கி.மு. 1350. பழைய தெய்வங்களை ஒதுக்கிவிட்டு, சூரியத் தட்டை வணங்க ஒரு புதுத் தலைநகரத்தைப் பாலைவனத்தில் அவசரம் அவசரமாகக் கட்டுகிறான். இன்று அந்த இடத்தின் பெயர் அமர்னா. சீக்கிரம் கட்டுவதற்காகக் கல்லைச் சின்னதாக வெட்டினார்கள். தலதாத் என்று அந்தக் கல்லுக்குப் பெயர். ஏறக்குறைய 52 சென்டிமீட்டர் நீளம், 26 அகலம், 24 உயரம். பெருக்கிப் பாருங்கள், சுமார் 70 கிலோ வரும். ஒரு ஆள் தனியாகத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பதுதான் அந்த டிசைனின் சிறப்பு. நம்ம சிமெண்ட் மூட்டை 50 கிலோ. அந்த மூட்டையைத் தூக்கியவர்களுக்குத்தான் இந்த 70 கிலோவின் அருமை தெரியும்.

அமர்னாவில் சாதாரண மக்களின் இடுகாடு ஒன்றை 2006 முதல் 2013 வரை தோண்டினார்கள். பெரியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மூட்டுத் தேய்மானம். முதுகெலும்பில் அடி. குழந்தைகளிடம் சத்துக்குறைவின் அடையாளம். 2015-இல் வடக்கே இன்னொரு இடுகாட்டைத் தோண்டினார்கள். அங்கே கிடந்தவர்களில் பெரும்பாலோர் 7 வயதுக்கும் 25 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். சாதாரணமாக ஒரு ஊர் இடுகாட்டில் கைக்குழந்தைகளும் கிழவர்களும்தான் அதிகம் இருப்பார்கள். அந்த வயதுப் பிள்ளைகள் சாவது குறைவு. இங்கே தலைகீழ். பதினைந்து வயது நிரம்பாத பிள்ளைகளின் முதுகெலும்பில்கூட முறிவு இருந்தது. ஒரே குழியில் இரண்டு மூன்று பேரைப் போட்டுப் புதைத்திருக்கிறார்கள். பக்கத்தில் பொருள்கள் அநேகமாக எதுவும் இல்லை. வீட்டிலிருந்து பிரித்துக் கூட்டிவந்து வேலை வாங்கிய பிள்ளைகளாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. இவ்வளவும் செய்து கட்டிய அந்த நகரம், மன்னன் இறந்த சில ஆண்டுகளில் ஆள் இல்லாமல் போனது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் கல்தான் சுமந்தார்கள். இரண்டு இடத்திலும் சின்ன வயதில்தான் செத்தார்கள். கீசாவில் முறிந்த கையைக் கட்டியிருக்கிறார்கள், வயிற்றுக்குப் போட்டிருக்கிறார்கள், பெயர் பொறித்துப் புதைத்தவர்களும் உண்டு. அமர்னாவின் வடக்கு இடுகாட்டில் அந்த அக்கறையின் தடயம் தெரியவில்லை. வேலையை நடத்திய விதம் எலும்பில் தெரிகிறது. மன்னர்கள் கல்வெட்டில் தங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். எலும்பில் அவர்களால் எழுத முடியாது.

ஏன் இதை இந்த ஹாலில் சொல்கிறேன்? படிப்பு முடித்து நான் சேர்ந்த ஒரு சைட். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். சென்ட்ரிங் பிரிக்கும்போது ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து முன்கை முறிந்தது. முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் காலாவதியான ஒரு களிம்பும் கொஞ்சம் பஞ்சும். கையில் கொஞ்சம் பணம் கொடுத்து ஊருக்குப் பஸ் ஏற்றி அனுப்பினார்கள். நாலு மாதம் கழித்து அவர் வேலை கேட்டு வந்தார். கை கோணலாக ஒட்டியிருந்தது. சுத்தியலைப் பிடிக்க முடியவில்லை. "வேற ஏதாச்சும் லேசான வேலை இருந்தா குடுங்க சார்" என்றார். இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கீசாவின் எலும்புகளைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வந்தது. 4,500 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு கல் இழுக்கிறவனுக்குக் கிடைத்த சிம்புக்கட்டு அவருக்குக் கிடைக்கவில்லை.

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் இன்னும் இரண்டொரு ஆண்டில் ஏதாவது ஒரு சைட்டில் நிற்பீர்கள். ஒரு மாதத்தில் ஸ்லாப் முடிக்க வேண்டும் என்று நீங்கள் ஒரு பார் சார்ட் போடுவீர்கள். காகிதத்தில் அது ஒரு கோடுதான். கீழே அந்தக் கோட்டைச் சும்மாடு கட்டிக்கொண்டு ஒரு பெண் மூன்று மாடி ஏற்றிக்கொண்டிருப்பாள். வின்ச் வைக்கலாமா, ஆளையே வைத்து ஏற்றலாமா என்று முடிவு செய்யும்போது, அவளுடைய முழங்காலுக்கும் சேர்த்து முடிவு செய்கிறீர்கள். பீமுக்குப் பாதுகாப்புக் காரணி போடச் சொல்லித் தந்தார்கள் நம் ஆசிரியர்கள். பீமைத் தூக்குகிறவருக்கும் அது உண்டு என்று நினையுங்கள்.

சைட்டுக்குப் போன முதல் நாள் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, இங்கே ஒரு ஆள் ஒரு தடவைக்கு எத்தனை கிலோ தூக்குகிறார்? இரண்டு, எலும்பு முறிந்தால் கட்டுப் போட மிக அருகில் இருக்கும் ஆஸ்பத்திரி எது, கொண்டுபோக வண்டி இருக்கிறதா? மூன்று, யாருக்கு எப்போது அடிபட்டது என்று எழுதி வைக்கும் நோட்டு எங்கே? மூன்றாவதற்குப் பெரும்பாலும் பதில் வராது. அந்த நோட்டை நீங்களே தொடங்குங்கள். மெரெர் எழுதினாரே, நமக்கு என்ன கஷ்டம்?

என் வயதுக்காரர்களுக்கும் ஒன்று. நம்மில் இன்று கான்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள், டிசைனர்கள் இருக்கிறார்கள், அரசு வேலையில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். சங்கத்துக்கு என் யோசனை இதுதான். ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்களுக்கு இரண்டு நாள் முதலுதவிப் பயிற்சி நடத்துவோம். முறிந்த கையை அசையாமல் கட்டுவது எப்படி, முதுகில் அடிபட்டவரைத் தூக்குவது எப்படி என்று ஒரு மருத்துவரை வைத்துச் சொல்லித் தருவோம். ஆகும் செலவில் முதல் ஆண்டுப் பங்கை நான் ஏற்றுக்கொள்கிறேன். மிச்சத்தை நிர்வாகக் குழு முடிவு செய்யட்டும்.

நாம் கட்டும் கட்டடங்கள் பிரமிடு அளவுக்கு நிற்கப் போவதில்லை. ஆனால் அவற்றைக் கட்டியவர்களின் எலும்பில் நம் வேலையும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. என்றைக்காவது யாராவது அதைத் தோண்டி எடுத்துப் படித்தால், "முறிந்தது, ஆனால் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்கள்" என்றாவது படிக்கட்டும்.